அடியில் எட்டிப் பார்த்தால்தான் வேடிக்கை!

ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளுங்கள். பளீர் மஞ்சள் சட்டையும் கட்டாயம். நாம் எட்டிப் பார்க்கப் போவது ஒரு நடைபாலத்தை. முகத்தைச் சுளிக்காதீர்கள்! நெடுஞ்சாலை நடைபாலம் என்றதும் உங்கள் கண்முன் என்ன வந்து நிற்கும் என்று தெரியும்: இரு பக்கமும் மூச்சு வாங்க வைக்கும் படிக்கட்டு, நடுவில் ஒரு இரும்புக் கூடு, அதை முழுசாக மறைத்தபடி ஒரு நகைக்கடை விளம்பரம். இது அந்தச் சாதி இல்லை.

செக் குடியரசின் மொராவியாப் பகுதியில் ஒலொமௌட்ஸ் என்று ஒரு பழைய ஊர். அங்கே வருகிறவர்கள் சதுக்கத்தில் நிற்கும் திரித்துவத் தூணை அண்ணாந்து பார்ப்பார்கள். 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய தூண் அது. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டாரத்தின் பிரசித்தி பெற்ற நாற்றப் பாலாடைக்கட்டியைத் தின்று பார்ப்பார்கள். கிளம்பிவிடுவார்கள். நாம் இரண்டையும் விட்டுவிட்டு ஊரை ஒட்டி ஓடும் ஆர்35 விரைவுச்சாலைக்குப் போகிறோம். 2016-ல் அங்கே விரைவுச்சாலைகளுக்கெல்லாம் பெயர் மாற்றியபோது இது டி35 ஆகிவிட்டது. நமக்குப் பழைய பெயரே போதும், ஏனென்றால் காலண்டரை 2007-க்குத் திருப்பப் போகிறோம். பாலம் கட்டிய வருடம் அதுதான்.

ஆள் பார்ப்பதற்கு ஒல்லி. அதுவும் சந்தேகப்பட வைக்கும் ஒல்லி! நடக்கும் தளத்தின் நீளம் 76.5 மீட்டர். ஒரே வார்ப்பு கிடையாது. 3 மீட்டர் நீளத்தில் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் துண்டுகள். கட்டுமானக்காரர்கள் வாயில் செக்மென்ட். இவற்றைத் தாங்கப் பெரிய உத்தரம் ஏதாவது இருக்கும் என்று தேடினால் ஏமாற்றம்தான். கர்டர் இல்லை, பெட்டி இல்லை. இரண்டு கேபிள் கட்டுகள், அவற்றுக்கு அடியில் 64 மீட்டர் அகலத்துக்குத் தாவும் ஒரு மெல்லிய கான்கிரீட் வளைவு. அவ்வளவுதான் சொத்து.

எப்படி நிற்கிறது? அங்கேதான் கூத்தே இருக்கிறது.

மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர வேட்டியைப் போட்டதும் நடுவில் தொய்கிறது. தொய்வைக் குறைக்க இன்னும் இழுத்துக் கட்டுகிறீர்கள். தொய்வு பாதியாக வேண்டுமென்றால் இழுவிசை இரண்டு மடங்காக வேண்டும். கால்வாசியாக வேண்டுமென்றால் நான்கு மடங்கு. தொய்வே கூடாது என்று அடம்பிடித்தால் கயிறு அறும், இல்லாவிட்டால் சுவரில் அடித்த ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். நம் பாலத்தின் வகையான ஸ்ட்ரெஸ் ரிப்பன் பாலம் என்பது இந்தக் கயிற்றின் மேலேயே கான்கிரீட் துண்டுகளை வரிசையாக உட்கார வைத்து, மனிதர்களை நடக்க விடுவது. நடக்க வருகிறவர்களில் சக்கர நாற்காலிக்காரர் இருப்பார், குழந்தை வண்டி தள்ளும் தாய் இருப்பார். பள்ளம்போல் தொய்ந்த தளம் அவர்களுக்கு ஆகாது. ஆக, தொய்வு கொஞ்சம், இழுவிசை பயங்கரம்.

இந்தத் துணிச்சலான யோசனை ஜெர்மன் பொறியாளர் உல்ரிக் ஃபின்ஸ்டர்வால்டருடையது. 1958-ல் அவர் இதை எங்கே கட்டலாம் என்று கேட்டார் தெரியுமா? இஸ்தான்புல்லில், பாஸ்பரஸ் நீரிணைக்கு மேல்! ஆசியாவையும் ஐரோப்பாவையும் ஒரு கான்கிரீட் ரிப்பனால் இணைத்துவிடலாம் என்றார். யாரும் கட்டவில்லை, பின்னால் அங்கே வழக்கமான தொங்குபாலம்தான் வந்தது. ரிப்பன் முதன்முதலில் நிஜமானது ரொம்ப அடக்கமான இடத்தில்: 1965-ல் சுவிட்சர்லாந்தின் ஃபெஃபிகோன் அருகே, 40 மீட்டர் இடைவெளியில், ஒரு நெடுஞ்சாலைக்கு மேல், பாதசாரிகளுக்காக. ரெனே வால்தர் வடிவமைத்தார். கண்டங்களை இணைக்கப் புறப்பட்ட யோசனை கடைசியில் ஜனங்களைச் சாலை தாண்ட வைத்தது. எனக்கென்னவோ இதுதான் கௌரவமான வேலை என்று படுகிறது.

செக் நாட்டில் இந்தக் கலையைக் கையில் எடுத்தவர் யிர்ஷி ஸ்ட்ராஸ்கி. புர்னோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1979-ல் புர்னோ நகரத்தின் பிஸ்ட்ர்ட்ஸ் பகுதியில் 63 மீட்டர் ரிப்பனோடு ஆரம்பித்தார். 1990-ல் அமெரிக்காவுக்கே போய் கலிபோர்னியாவின் ரெடிங் ஊரில் சாக்ரமென்டோ ஆற்றின் மேல் ஒரே தாவலில் 127 மீட்டருக்கு ஒன்றைப் போட்டார். இந்த ஒலொமௌட்ஸ் பாலமும் அவர் வடிவமைப்புதான்.

இப்போது நெடுஞ்சாலைக்கு வருவோம். ரிப்பனுக்கும் நெடுஞ்சாலைக்கும் ஜாதகம் பொருந்தாது. ரிப்பன் எங்கே தாழும்? நடுவில். உயரமான லாரிகள் எங்கே போகும்? அதே நடுவில்! அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. அந்தப் பயங்கர இழுவிசையை இரு முனையிலும் யார் பிடித்துக்கொள்வது? கரையில் நல்ல பாறை கிடைத்தால் துளைபோட்டு நங்கூரமிட்டுவிடலாம். சமவெளி மண்ணில் பாறைக்கு எங்கே போக? மண்ணுக்குள் ராட்சத கான்கிரீட் கட்டைகளைப் புதைக்க வேண்டும். மேலே ஒல்லியாக ஒரு பாலம், கீழே அதன் பல மடங்கு காசை விழுங்கும் அடித்தளம். இந்தச் செலவுக் கணக்கைப் பார்த்தே கைவிடப்பட்ட ரிப்பன்கள் உண்டு.

ஸ்ட்ராஸ்கி கோஷ்டி செய்த காரியத்தைக் கேட்டால் கைதட்டத் தோன்றும். அடியில் ஒரு வளைவைக் கொண்டுவந்து வைத்தார்கள். வளைவின் உச்சி ரிப்பனை நடுவில் தூக்கிப் பிடிக்கிறது. ஒரு நீளத் தொய்வு இரண்டு குட்டித் தொய்வாகிவிடுகிறது. லாரிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வளைவை வைத்ததன் முழு லாபம் அது இல்லை. வளைவின் குணம் என்ன? சுமை ஏறினால் கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் தள்ளும். ரிப்பனின் குணம்? முனைகள் இரண்டையும் உள்பக்கமாக இழுக்கும். ஒன்று தள்ளுகிறது, ஒன்று இழுக்கிறது. இரண்டையும் இணைத்துவிட்டால்?

இணைத்தார்கள்! வளைவின் பாதத்திலிருந்து ரிப்பனின் நங்கூரக் கட்டை வரைக்கும் இரு பக்கமும் சாய்வாக ஒரு கான்கிரீட் கால். ரிப்பன் உள்ளே இழுக்கும் விசை அந்தச் சாய்கால் வழியாக இறங்கி வளைவின் பாதத்துக்கு வருகிறது. அங்கே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வளைவோடு மோதி இரண்டும் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. மண்ணுக்குக் கிடைமட்டமாக இழுப்பும் இல்லை, தள்ளலும் இல்லை. மேலும் கீழுமான விசைதான் மிச்சம்.

கொஞ்சம் நில்லுங்கள், இங்கே ஒரு ரகசியம் இருக்கிறது. பாலம் கட்டி முடித்த பிறகு மண்ணுக்குள் போய்விட்டதால் யாரும் பார்க்க முடியாத ரகசியம். சாய்காலைப் பற்றி யோசியுங்கள். அது கீழ்முனையில் வளைவின் பாதத்தை அழுத்துகிறது, சரி. மேல்முனையில் நங்கூரக் கட்டையை மேல்நோக்கித் தள்ளுமே! ஆமாம், பாலத்தின் இரு முனைகளும் எழும்பப் பார்க்கின்றன. அதனால் அஸ்திவாரம் இரண்டு விதம். வளைவின் பாதங்களுக்குத் துளையிட்டு வார்த்த பருமனான பைல்கள். அவற்றுக்கு அழுத்தம் தாங்குகிற வழக்கமான உத்தியோகம். நங்கூரக் கட்டைகளுக்கு மைக்ரோபைல் என்கிற ஒல்லி பைல்கள்; அவற்றின் வேலை கட்டை எழும்பாமல் பிடித்து வைப்பது. பைல் என்றால் கீழே போகாமல் தாங்குவது என்றுதானே நினைத்திருந்தோம்!

இவ்வளவும் காகிதத்தில் அழகுதான். நம்பி ஆட்களை நடக்க விடலாமா? அதற்காக புர்னோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வளைவு தாங்கும் இந்த ரிப்பன் அமைப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டினார்கள். குட்டி வளைவு, குட்டி செக்மென்ட்கள், கேபிள்கள், எல்லாம். குட்டிப் பாலத்தில் ஒரு தொல்லை: நீள அகலம் சுருங்கும்போது எடை அதைவிட வேகமாகச் சுருங்கிவிடும். நிஜப் பாலத்தில் கேபிளை முறுக்கேற்றி வைப்பதே கான்கிரீட்டின் சொந்த எடைதான். எடை இல்லாத மாதிரி பொய் சொல்லும். அதனால் தளத்திலும் வளைவிலும் உருண்டை இரும்புக் கம்பிகளை வரிசையாகத் தொங்கவிட்டு எடையைச் சரிக்கட்டினார்கள். பாலத்துக்குக் கீழே இன்னொரு இரும்புத் தோரணம்! பிறகு கட்டும் வரிசையை அப்படியே நடித்துப் பார்த்தார்கள். அப்புறம் சுமையேற்றம். மொத்தப் பாலத்திலும் கூட்டம் நிரம்பினால் வளைவுக்குக் கவலை இல்லை. பாதிப் பாலத்தில் மட்டும் கூட்டம், மறுபாதி காலி என்றால்தான் வினை: சுமை ஏறிய பக்கம் அமுங்கும், காலிப் பக்கம் புடைத்துக்கொண்டு கிளம்பும். அதையும் செய்து பார்த்தார்கள், உடையும்வரை. முடிவில் நெளிந்து கையை விரித்தது வளைவுதான். ஆனால் கணக்கு கேட்ட சுமையைத் தாண்டி நிறையச் சுமந்த பிறகு. உச்சியில் ரிப்பன் பிடித்துக்கொண்டிருப்பதால் வளைவு லேசில் நெளிவதில்லை. பொறியாளர்கள் ஒரு பொருளை உடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கைகுலுக்கிக்கொள்ளும் தருணம் இந்த மாதிரிச் சோதனைகளில்தான் வரும்.

சைட்டுக்கு வாருங்கள், வேலை ஆரம்பித்துவிட்டது. பைல் இறங்கியாச்சு. சாய்கால்களை வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அவற்றைப் பிடித்தபடி வளைவின் பாதங்களுக்கும் நங்கூரக் கட்டைகளுக்கும் கான்கிரீட் போட்டாச்சு. அடுத்து வளைவு. இலேசான சாரம் கட்டி, அதன் மேல் சென்ட்ரிங் அடித்து, அந்த இடத்திலேயே வார்க்கிறார்கள். சாதா கான்கிரீட் இல்லை. நம் வீட்டுக் கூரைக்குப் போடும் எம்20 கான்கிரீட்டின் வலிமை 20 மெகாபாஸ்கல். இந்த வளைவுக்கு 70. தளத்துத் துண்டுகளுக்கும் சாய்கால்களுக்கும் 80! ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது உங்கள் விரல்நுனி அளவு இடத்தில் 800 கிலோவை நிறுத்தினாலும் நொறுங்காது என்று அர்த்தம். பாலம் இவ்வளவு ஒல்லியாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

வளைவு இறுகி பலம் வந்ததும் கேபிள்கள் ஏறுகின்றன. எனக்குப் பிடித்த கட்டம் இது. இரண்டு கட்டுகள், ஒவ்வொன்றிலும் 31 ஸ்ட்ராண்ட், ஒவ்வொரு ஸ்ட்ராண்டும் 0.6 அங்குல விட்டம். ஸ்ட்ராண்ட் என்பதே ஏழு கம்பிகளை முறுக்கியது. ஆக மொத்தம் 434 கம்பிகள். பாலத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டாளம் இவ்வளவுதான். இவை வளைவின் உச்சியில் சேணம்போல் குழைவாக அமைத்த இடத்தின் மேல் ஏறி இறங்கிப் போகின்றன. இரு முனையிலும் நங்கூரக் கட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிச் சேணங்கள். கேபிள் அங்கே சட்டென்று மடங்கிவிடாமல் அவை பார்த்துக்கொள்ளும்.

ஜாக் வைத்து இழுக்கும்போது முனையில் என்ன நடக்கிறது தெரியுமா? இந்த மாதிரி வேலைகளில் நங்கூரத் தலையில் கூம்பு வடிவ ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் உள்பக்கம் பல் வெட்டிய ஆப்பு. ஜாக் இழுத்துவிட்டு விடும்போது ஸ்ட்ராண்ட் பின்னால் ஓடப் பார்க்கும். ஓடும்போதே ஆப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஆப்பு கூம்புக்குள் இறங்கி இன்னும் இறுக்கிக் கடிக்கும். தப்பிக்கப் பார்க்கிறவனே தனக்கு விலங்கு மாட்டிக்கொள்கிறான்! எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை. ஆனால் வேடிக்கை பார்க்கும் ஆர்வத்தில் ஜாக்குக்குப் பின்னால் மட்டும் போய் நிற்காதீர்கள். எந்த சைட்டிலும் அதற்கு அனுமதி கிடையாது. ஏதாவது வழுக்கினால் முதலில் பாய்வது அந்தப் பக்கம்தான்.

இப்போது செக்மென்ட்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கேபிள் மேல் வந்து உட்காருகின்றன. இங்கே பொறுமை வேண்டும். ஒரு துண்டு வந்து உட்கார்ந்ததும் கேபிளின் வளைவு மாறுகிறது. ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் துண்டுகள் எல்லாம் கொஞ்சம் சாய்ந்து புது இடம் தேடுகின்றன. இடுக்குகள் ஒரு பக்கம் திறக்கும், மறுபக்கம் மூடும். அவசரப்பட்டு இடுக்குகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் அடுத்த துண்டு வந்ததும் விரிசல் நிச்சயம். அதனால் கடைசித் துண்டு வரும்வரை எல்லாம் தனித்தனி ஆட்கள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு கேபிளின் இழுவிசையைத் திருத்தி, தளத்தின் வடிவத்தைச் சரியாகக் கொண்டுவந்து, அப்புறம்தான் இடுக்குகளுக்குக் கான்கிரீட்.

இடுக்கு இறுகியதும் உச்சக்கட்டம். கேபிளை இன்னொரு முறை, வடிவமைப்பு சொன்ன முழு அளவுக்கு இழுக்கிறார்கள். இறுக்கிய கேபிள் சுருங்கத் துடிக்கும். சுருங்க விடாமல் குறுக்கே நிற்பது தளம். அதனால் தளம் முழுக்க அழுத்தத்துக்கு வருகிறது. துண்டும் இடுக்கும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கொஞ்ச நேரம் முன்புவரை துண்டு துண்டாக ஆடிக்கொண்டிருந்தது இப்போது ஒரே பலகை. கேபிளுக்கு மொத்தத்தில் எவ்வளவு இழுப்பு என்று ஒரு சுமார்க் கணக்கு போட்டால், 76 மீட்டர் நீள எஃகு ஸ்ட்ராண்டை முன்னழுத்த வேலைகளில் வழக்கமான அளவுக்கு இழுத்தால் அரை மீட்டர் போல நீளும். எஃகு!

சரி, நடந்தால் ஆடாதா? நியாயமான கேள்வி. லண்டன் மில்லேனியம் நடைபாலத்தை 2000 ஜூன் 10-ல் திறந்தார்கள். ஜனம் ஏறியதும் அது பக்கவாட்டில் ஆட, இரண்டே நாளில் மூடினார்கள். ஆட்டத்தை அடக்கும் கருவிகளைப் பொருத்தி மறுபடி திறக்க 2002 ஆகிவிட்டது. நாம் சாதாரணமாக நடக்கும்போது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறோம். பாலத்தின் சுபாவமான துடிப்பும் அதே தாளத்தில் இருந்துவிட்டால் வம்பு. ஒலொமௌட்ஸில் இந்த அதிர்வுக் கணக்கை முன்கூட்டியே விலாவாரியாகப் போட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு ஒல்லியாக இருந்தும் நிற்கிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் சங்கடமான உணர்வு ஏதும் இல்லை என்பதுதான் கட்டியவர்கள் பதிவு செய்திருக்கும் முடிவு.

ஒரு நிமிஷம் குதூகலத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். ப்ராக் நகரின் த்ரோயா பகுதியில் 1984-ல் வ்ல்டாவா ஆற்றின் மேல் ஸ்ட்ராஸ்கி கட்டிய ரிப்பன் நடைபாலம் ஒன்று இருந்தது. மூன்று தாவல், 260 மீட்டருக்கும் மேல் நீளம். திறக்கும் முன் வண்டிகளை வரிசையாக ஏற்றிச் சுமைச் சோதனை செய்த பாலம்தான். அது 2017 டிசம்பர் 2-ல் இடிந்து ஆற்றில் விழுந்தது. நான்கு பேருக்குக் காயம். ரிப்பன் முழுவதும் ஒரே கேபிள்களை நம்பி நிற்பதால் ஒரு தாவல் மட்டும் விழுந்து மற்றவை பிழைப்பது என்பது இந்த வகையில் நடக்காது. த்ரோயாவில் கேபிள்கள் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தன. யாரும் கண்ணால் பார்த்து நலம் விசாரிக்க வழியில்லை. ஒலொமௌட்ஸில் அப்படி இல்லை. கேபிள்கள் தளத்துக்கு வெளியே, துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களுக்குள் சிமெண்ட் பால் நிரப்பி ஓடுகின்றன. செக்மென்ட் இடுக்குகளில் போல்ட் போட்டுத் தளத்தோடு பிணைத்திருக்கிறார்கள். குழாயைக் கண்ணால் பார்க்கலாம், போல்ட்டைத் தட்டிப் பார்க்கலாம். குழாய்க்குள் இருப்பது தெரியாதுதான். ஆனாலும் பராமரிப்பு ஆளுக்குப் பிடிமானமாக ஏதோ ஒன்று வெளியே இருக்கிறது. அழகுக்காக எல்லாவற்றையும் உள்ளே ஒளித்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

இந்தப் பாலத்தில் அநியாயம் ஒன்றும் உண்டு. மேலே நடந்து போகிறவருக்கு எதுவுமே தெரியாது. ஒரு கான்கிரீட் தளம், இரண்டு பக்கம் கைப்பிடி. வளைவு, கேபிள், சேணம், சாய்கால் எல்லாம் அவர் காலுக்குக் கீழே. முழுக் காட்சியும் கிடைப்பது கார்க்காரருக்குத்தான். அவரோ மணிக்கு 130 கிலோமீட்டரில், விநாடிக்கு 36 மீட்டர் வீதம் பறந்துகொண்டிருப்பார். பார்த்தோமா இல்லையா என்று யோசிப்பதற்குள் பாலம் கண்ணாடியில் பின்னால் போயிருக்கும்.

ஆகவே ஒலொமௌட்ஸ் பக்கம் போக வாய்த்தால் ஊர்ப்பக்கமிருந்து நடந்தோ சைக்கிளிலோ வாருங்கள். மேலே நின்று செல்ஃபி எடுத்ததோடு கிளம்பிவிடாமல் பாலத்தின் முனைக்கு வந்து, பக்கவாட்டில் தலையை நீட்டி அந்த எஃகுக் குழாய்களையும் சாய்கால் மண்ணில் இறங்கும் இடத்தையும் பாருங்கள். காரில் வந்தால் மட்டும் பாலத்தைப் பார்க்கும் ஆசையில் ஓரங்கட்டிவிடாதீர்கள். நெடுஞ்சாலையில் காரணமில்லாமல் வண்டியை நிறுத்தினால் அங்கே அபராதம்.